ஹாம்பர்க் மாஸ்டர்ஸ் எங்கே போனது?

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் 2008 வரையிலான மாஸ்டர்ஸ் பட்டியலை, அதாவது அதன் முதல்தரப் போட்டிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மான்டே கார்லோ, ரோம், ஹாம்பர்க் என்று மூன்று களிமண் தரைப் போட்டிகள் இருக்கும். 2009 பட்டியலில் ஹாம்பர்க்கைக் காணோம், மாட்ரிட் வந்து உட்கார்ந்திருக்கும். ஹாம்பர்க்குக்கு என்ன ஆனது, தரம் குறைந்து போய்விட்டதா, பார்ப்பதற்கு ஏதாவது நல்ல ஆட்டம் அங்கே நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தரம் குறையவே இல்லை. மாஸ்டர்ஸாக நடந்த கடைசி இரண்டு ஆண்டுகளிலும் அங்கே இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் ஃபெடரரும் நடாலும். ஹாம்பர்க்கைக் கீழே இறக்கியது நாட்காட்டி. எந்த வாரத்தில் நடக்கிறது என்ற ஒரே விஷயம். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட இந்தப் போட்டியின் கதையில் திரும்பத் திரும்ப இதுதான் வருகிறது: களத்துக்குள்ளே அருமையான டென்னிஸ், அதன் தலைவிதியை முடிவு செய்தது எல்லாம் வெளியே.

ஆரம்பமே அப்படித்தான். ஜெர்மன் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது 1892-ல், ஹாம்பர்க்கில். கார்ல் ஆகஸ்ட் ஃபொன் டெர் மேடன் என்பவர் தலைமையில் உள்ளூர் கிளப்காரர்கள் சேர்ந்து நடத்தினார்கள். அதே ஆண்டு கோடையில்தான் ஹாம்பர்க்கைக் காலரா தாக்கி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஐரோப்பாவின் பெரிய துறைமுக நகரம் ஒன்றில் அவ்வளவு பெரிய கொள்ளைநோய். அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் பிறந்த போட்டி இது. ஜெர்மன், ஆஸ்திரியப் பேரரசுகளின் குடிமக்கள் மட்டும்தான் ஆடலாம் என்று விதி இருந்தது, முதல் பட்டம் வால்டர் பொன்னே என்பவருக்குப் போனது. 1897-ல் வெளிநாட்டவருக்கும் கதவைத் திறந்தார்கள், திறந்த உடனேயே இங்கிலாந்தின் ஜார்ஜ் ஹில்யார்ட் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்.

1898 முதல் 1901 வரை போட்டி ஹாம்பர்க்கிலேயே இல்லை. பாட் ஹோம்பர்க் என்ற ஊற்றுநீர்க் குளியல் நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள்; ஆங்கிலேயப் பிரபுக்கள் கோடையைக் கழிக்க வந்து தங்கும் இடம் அது, நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். அப்புறம் மறுபடி ஹாம்பர்க். ரோட்டன்பௌம் என்ற இடத்து மைதானம் காலப்போக்கில் நிரந்தர வீடாகி, இன்று ஜெர்மனியில் டென்னிஸ் பார்ப்பவர்கள் ஹாம்பர்க் போட்டியை அந்த மைதானத்தின் பெயராலேயே சொல்கிறார்கள். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக ஒட்டோ ஃப்ராய்ட்ஸ்ஹைம் ஏழு முறை இங்கே பட்டம் வென்றார், 1907-ல் முதல் பட்டம், 1925-ல் கடைசிப் பட்டம். ஆடவர் ஒற்றையரில் அந்த ஏழு பட்டங்களை இதுவரை யாரும் தாண்டவில்லை, ஃபெடரர் நான்கில் நின்றுவிட்டார்.

ஆனால் ஹாம்பர்க்கின் பழைய காலத்தில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் கோட்ஃபிரீட் ஃபான் க்ராமைப் படியுங்கள். 1932 முதல் 1935 வரை தொடர்ந்து நான்கு முறை இங்கே சாம்பியன். பிரெஞ்சுப் பட்டத்தை இருமுறை, 1934-லும் 1936-லும் வென்றவர். விம்பிள்டனில் 1935, 1936, 1937 என மூன்று வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றவர். பிரபுக் குடும்பம், பொன்னிறத் தலைமுடி, மைதானத்தில் அப்பழுக்கில்லாத நடத்தை, நாஜிகள் தங்கள் விளம்பரத்துக்கு வேறு யாரைத் தேடியிருப்பார்கள்? அவரோ கட்சியில் சேர மறுத்துவிட்டார். 1938-ல் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவின் கீழ் கைது செய்து ஓராண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். போர் தொடங்கியதும் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். இத்தனையும் தாண்டி உயிரோடு திரும்பி வந்த அந்த மனிதர், போருக்குப் பிறகு ஜெர்மன் சாம்பியன்ஷிப் மறுபடி தொடங்கிய 1948-லும் அடுத்த வருடம் 1949-லும் ஹாம்பர்க்கில் பட்டம் வென்றார். இரண்டாவது முறை ஜெயித்தபோது வயது நாற்பது. முதல் நான்குக்கும் கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரு தேசமே எரிந்து சாம்பலாகியிருந்தது. டென்னிஸில் எத்தனையோ மறுவருகைகளைக் கொண்டாடுகிறோம், என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

1968-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிட்டபின் பட்டியலில் பெரிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த முதல் ஆண்டு ஜான் நியூகோம்ப், பின்னால் ஒரான்டெஸ், வில்லாஸ், நோவா, லெண்டில், எட்பெர்க். எழுபதுகளில் மூன்று முறை ஜெயித்த அமெரிக்கர் எட்டி டிப்ஸ்தான் ஒரு காலத்தில் இங்கே ராஜா, இன்று அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது வருத்தம்தான். 1990-ல் ஏடிபி சுற்று புதிய வடிவில் தொடங்கியபோது விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் உள்ளிட்ட நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளுக்கு அடுத்த அடுக்கில் ஒன்பது போட்டிகளை வைத்தார்கள், பின்னால் மாஸ்டர்ஸ் என்று பெயர் மாறிய அடுக்கு அது, அதில் ஹாம்பர்க்கும் ஒன்று. போரிஸ் பெக்கர் காலம் அது, ஜெர்மனி முழுக்க டென்னிஸ் பைத்தியம் பிடித்திருந்தது. அந்த 1990-லேயே பெக்கர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். ஸ்பெயினின் ஹுவான் அகிலேரா முதல் இரண்டு செட்டை 6-1, 6-0 என்று எடுத்து, மூன்றாவதை, 6-6 ஆனபின் ஆடும் டை-பிரேக்கில் முடித்துவிட்டார். ஆறு கிராண்ட் ஸ்லாம் வென்ற பெக்கர் வாழ்நாள் முழுக்கக் களிமண் தரையில் ஒரு பட்டம்கூட வெல்லவில்லை. சொந்த நாட்டு ரசிகர்கள் நிறைந்த அரங்கில் கிடைத்த அந்த வாய்ப்பும் அப்படிப் போனது.

1993-ஐப் பற்றிச் சொல்லாமல் ரோட்டன்பௌம் பற்றி எழுத முடியாது. அங்கே பெண்களுக்குத் தனியாக ஒரு போட்டி நடந்துவந்தது, ஆண்கள் போட்டிக்குச் சற்று முன்னால். ஸ்டெஃபி கிராஃப் 1987 முதல் 1992 வரை ஆறு முறை தொடர்ந்து வென்ற போட்டி. 1993 ஏப்ரல் 30 அன்று காலிறுதியில் மோனிகா செலஸ், மக்டலேனா மலீவாவுக்கு எதிராக 6-4, 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது, இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வரவேண்டும் என்ற வெறியில் செய்த வேலை. செலஸுக்கு அப்போது 19 வயது, உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், எட்டு கிராண்ட் ஸ்லாம் கையில். காயம் சில வாரங்களில் ஆறிவிட்டது, ஆனால் மீண்டும் ஆட வர 1995 ஆகஸ்ட் ஆகிவிட்டது. குத்தியவனுக்கு நீதிமன்றம் கொடுத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, அதாவது தீர்ப்புக்குப் பிறகு சிறைக்குப் போகவில்லை. செலஸ் அதன்பிறகு ஜெர்மனியில் ஆடவே இல்லை. அவர் எடுத்த முடிவில் முழு நியாயம் இருக்கிறது. இன்று இடைவேளைகளில் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் காவலர்கள் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறார்களே, அந்தப் பழக்கம் இறுகியதற்கு அந்த மாலைதான் காரணம். பெண்கள் போட்டி 2002-க்குப் பிறகு நின்றுபோய் 2021-ல்தான் திரும்பி வந்தது.

அதே 1993 மே மாதத்தில் ஆண்கள் பட்டத்தை மைக்கேல் ஸ்டிச் வென்றார். அடுத்து ஒரு ஜெர்மானியர் வெல்ல முப்பது வருடம் ஆனது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் ஹாம்பர்க் களிமண் தனி ரகம். செம்மண் தரை என்று நாம் சொல்வது உண்மையில் பொடித்த செங்கல். சில மில்லிமீட்டர் கனத்தில் மேலே ஒரு படலம், கீழே நீரைப் பிடித்துவைக்கும் அடுக்குகள். தரை எவ்வளவு ஈரமாக இருக்கிறது, காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே செங்கல் பொடி முழுக்க வேறு ஆட்டத்தைக் கொடுக்கும். ரோமில் மே மாத வெயிலில் பந்து விறைப்பாக மேலே எழும். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பந்து இன்னும் வேகமாகப் பறக்கும். ஹாம்பர்க் வடக்கே இருக்கும் துறைமுக நகரம், மே மாதத்திலும் குளிர், அடிக்கடி மழை. பந்தின் மேல் உள்ள கம்பளி ஈரத்தையும் செங்கல் தூளையும் இழுத்துக்கொண்டு கனத்துப் போகும், துள்ளல் தாழும். மழைக்காகத்தான் 1997-ல் பதின்மூவாயிரம் பேர் உட்காரும் மைய அரங்கின் மேலே திறந்து மூடும் கூரை போட்டார்கள்.

இந்தத் தாழ்ந்த துள்ளல்தான் ஃபெடரரின் ஹாம்பர்க் சாதனைக்குப் பாதிக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நடாலின் டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழன்று உயரத் துள்ளும் பந்து, மற்ற களிமண் தரைகளில் ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்தில் வந்து நிற்கும், அங்கிருந்து அடிப்பது கொடுமை. ஹாம்பர்க்கில் அதே பந்து இடுப்பு உயரத்துக்கு வரும். ஃபெடரர் தன் முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றதே இங்கேதான், 2002-ல், மராட் சாஃபினை நேர் செட்களில் வீழ்த்தி. 2004-ல் களிமண்ணில் 31 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த கில்லெர்மோ கோரியாவை இறுதியில் நிறுத்தினார். 2005-ல் ரிஷார் காஸ்கேயை வென்றார்.

இதே ஈரக் களிமண் பெயர் தெரியாதவர்களுக்கும் நிறையக் கொடுத்திருக்கிறது. 1996-ல் தகுதிச் சுற்றிலிருந்து வந்த ராபர்டோ கரெட்டெரோ, தரவரிசையில் நூறுக்கும் வெகு கீழே இருந்தவர், பட்டத்தையே வென்றுவிட்டார். அவர் வாழ்நாளில் வென்ற ஒரே ஒற்றையர் பட்டம் அது. 2001-ல் ஆல்பெர்ட் போர்ட்டாஸ், அவரும் தகுதிச் சுற்று ஆட்டக்காரர், வலையைத் தாண்டியதும் மெதுவாக விழும் டிராப் ஷாட்டை முக்கிய ஆயுதமாக வைத்துக்கொண்டு ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோவை ஐந்து செட்டில் சாய்த்தார். இவற்றுக்கு நடுவில் 2000-ல் குர்ட்டெனும் சாஃபினும் ஆடிய இறுதி ஆட்டம் ஐந்தாவது செட்டின் டை-பிரேக் வரை போய் குர்ட்டென் ஜெயித்தது. அந்த உற்சாகத்தோடு பாரிஸ் போனவர் பிரெஞ்சு ஓப்பனையும் எடுத்தார்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம். 2006 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரோம் இறுதியில் நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள், ஐந்தாவது செட் டை-பிரேக்கில் முடிந்தது, டென்னிஸ் வரலாற்றின் மகத்தான ஆட்டங்களில் ஒன்று. அடுத்த நாளே ஹாம்பர்க் வாரம் தொடங்குகிறது. இருவரும் விலகிக்கொண்டார்கள். யாரால்தான் முடியும்? அந்த வருடம் டாமி ராப்ரெடோ பட்டம் வென்றார், ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்க நினைத்த இருவரும் இல்லை. ஏடிபி இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வந்தது. ஒன்று, 2007 முதல் மாஸ்டர்ஸ் இறுதி ஆட்டங்கள் மூன்று செட் மட்டும். இரண்டாவது ஹாம்பர்க்கின் கழுத்துக்கே வந்தது: அடுத்தடுத்த வாரங்களில் ரோம், ஹாம்பர்க், அப்புறம் ஒரே வார இடைவெளியில் பிரெஞ்சு ஓப்பன் என்ற அடுக்கு இனி வேண்டாம்.

அப்போது ஏடிபி தலைவராக இருந்தவர் எட்டியென் டி வில்லியர்ஸ், டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்தவர். 2009-க்கான அவரது திட்டம் இப்படி: ஷாங்காயில் புதிய மாஸ்டர்ஸ், அதற்கு இடம்விட அக்டோபரில் உள்ளரங்கில் நடந்துவந்த மாட்ரிட் மே மாதக் களிமண்ணுக்கு வரும், ஹாம்பர்க் ஒரு படி இறங்கி ஜூலைக்குப் போகும். மான்டே கார்லோவையும் இறக்கத்தான் நினைத்தார்கள். ஃபெடரர், நடால், ஜோகோவிச் எல்லாரும் களிமண் பருவத்தை இப்படி நசுக்குவதை எதிர்த்தார்கள். மான்டே கார்லோ அமெரிக்காவில் வழக்குப் போட்டு, பேசி முடித்து, மாஸ்டர்ஸ் அந்தஸ்தைக் காப்பாற்றிக்கொண்டது. பெரிய ஆட்டக்காரர்கள் கட்டாயம் வந்தே ஆகவேண்டும் என்ற விதி மட்டும் அதற்குப் பொருந்தாது என்றானது. ஹாம்பர்க் பக்கம் ஜெர்மன் டென்னிஸ் சங்கமும், போட்டியில் பங்கு வாங்கியிருந்த கத்தார் டென்னிஸ் சங்கமும் சேர்ந்து டெலாவேர் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கை நடத்தின. போட்டியை ஒழிக்கும் கூட்டு ஏற்பாடு இது, ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்பது வாதம். 2008 ஆகஸ்டில் ஜூரி ஏடிபி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2010-ல் மேல்முறையீடும் தோற்றது.

வழக்கு அதோடு முடியவில்லை, இதன் பின்கதை டென்னிஸ் ரசிகர்களைவிட வக்கீல்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஏடிபியின் உள்விதிகளில், உறுப்பினர் வழக்குப் போட்டுத் தோற்றால் ஏடிபியின் வழக்குச் செலவையும் அவரே கட்டவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதன்படி ஏடிபி கேட்ட தொகை 1.7 கோடி டாலருக்கும் மேல். அப்படி ஒரு விதி செல்லுமா என்ற கேள்வி டெலாவேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2014 மே மாதம் அது செல்லத்தக்கதுதான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். உடனே பல அமெரிக்க நிறுவனங்கள் அதே மாதிரி விதியைத் தங்கள் பங்குதாரர்கள் மேல் போடத் தொடங்கின, பங்குதாரர் வழக்கே போடமுடியாத நிலை வந்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது, 2015-ல் டெலாவேர் சட்டமன்றம் பங்கு நிறுவனங்களுக்கு அந்த வழியை அடைத்துச் சட்டத்தைத் திருத்தியது. ரோட்டன்பௌம் களிமண்ணில் கிளம்பிய தூசி அமெரிக்கக் கம்பெனிச் சட்டம் வரை போய்ப் படிந்திருக்கிறது.

ஜூலைக்குத் தள்ளியதுதான் உண்மையான தண்டனை, மாஸ்டர்ஸுக்கு அடுத்த கீழ் அடுக்கான 500 புள்ளிப் போட்டியாக இறக்கியதுகூட அல்ல. விம்பிள்டன் முடிந்து எல்லாரும் அமெரிக்கக் கடினத் தரைக்குத் தயாராகும் நேரத்தில் ஐரோப்பாவில் மறுபடி களிமண்ணில் ஏன் சறுக்க வேண்டும்? முன்னாள் சாம்பியன் ஸ்டிச்தான் 2009 முதல் பத்து வருடம் இயக்குநராக இருந்து போட்டியை உயிரோடு வைத்திருந்தார், அந்த உழைப்புக்கு அவருக்கு இன்னும் அதிகப் பெயர் கிடைத்திருக்க வேண்டும். ஃபெடரர் 2013-ல் பெரிய தலை கொண்ட புதிய டென்னிஸ் மட்டையைச் சோதிக்க வந்து அரையிறுதியில் ஃபெடெரிக்கோ டெல்போனிஸிடம் தோற்றார். 2015-ல் நடால் வந்து வென்றார். 2017-ல் லியோனார்டோ மேயர் தகுதிச் சுற்றில் தோற்று, வேறொருவர் விலகியதால் உள்ளே வந்து, கடைசியில் கோப்பையோடு போனார். 2022-ல் லொரென்சோ முசெட்டி தன் முதல் பட்டத்துக்காக அல்கராஸையே வீழ்த்தினார். 2023-ல் அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ் ஜெயித்தார், ஹாம்பர்க்கிலேயே பிறந்தவர், 1993-க்குப் பிறகு முதல் ஜெர்மானிய சாம்பியன்.

2025-ல் ஆண்கள் போட்டி மறுபடி மே மாதத்துக்கு, பிரெஞ்சு ஓப்பனுக்கு நேர் முந்தைய வாரத்துக்கு வந்துவிட்டது. ஃப்ளாவியோ கொபோல்லி இறுதியில் ரூப்லெவை வென்றார். ஜூலையைவிட இது எவ்வளவோ மேல், தரையும் காலமும் பாரிஸுக்குப் பொருந்துகின்றன. மாஸ்டர்ஸ் அந்தஸ்து திரும்ப வருமா என்றால், வராது என்றுதான் நினைக்கிறேன். 2023 முதல் ரோமும் மாட்ரிட்டும் பன்னிரண்டு நாள் போட்டிகளாக நீண்டுவிட்டன, மே மாதத்தில் இன்னொரு பெரிய போட்டிக்கு இடமே இல்லை.

பார்க்கத் தகுந்த ஆட்டம் கேட்டீர்கள் இல்லையா, 2007 இறுதி ஆட்டம். நடால் 2005 ஏப்ரலிலிருந்து களிமண்ணில் 81 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்திருந்தார், அந்த வசந்தத்தில் மான்டே கார்லோ, பார்சிலோனா, ரோம் மூன்றையும் எடுத்துவிட்டுக் களைத்து வந்திருந்தார், அரையிறுதியில் ஹெவிட் அவரை மூன்று செட் வரை இழுத்திருந்தார். ஃபெடரர் அதுவரை களிமண்ணில் நடாலிடம் ஆடிய ஐந்திலும் தோற்றிருந்தார், அதற்கு முந்தைய வாரம்தான் ரோமில் வொலாண்ட்ரியிடம் தோற்று, பயிற்சியாளர் டோனி ரோச்சையும் பிரிந்திருந்தார். முதல் செட் 6-2 நடாலுக்கு. அப்புறம் ஃபெடரர் ஒவ்வொரு பந்தையும் சீக்கிரமே எடுத்து, பேக்ஹேண்டைத் தட்டையாக அடித்து 6-2, 6-0 என்று முடித்தார். களிமண் தரையில் நடாலுக்கு எதிராக 6-0 என்ற செட்டைப் பார்ப்பது அவ்வளவு அபூர்வம். நேரம் இருந்தால் 2008 இறுதியையும் சேர்த்துப் பாருங்கள், முதல் செட்டில் ஃபெடரர் 5-1 என்று முன்னால் இருந்ததை நடால் 7-5 ஆக மாற்றிய விதத்துக்காக. மாஸ்டர்ஸ் என்ற பெயரில் ரோட்டன்பௌமில் நடந்த கடைசி ஆட்டம் அதுதான்.